மயங்கி விழுந்தவருக்கு மனச்சாட்சி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்துத் தந்த கட்டுரையில், தலையில் அடிபட்டவர் ‘மனச்சாட்சியை இழந்தார்’ என்று அச்சாகியிருந்தது. பாவம், அவர் மயங்கித்தான் விழுந்திருப்பார்.

ஸ்பானியத்தில் ‘கொன்சியென்சியா’ என்ற ஒரே சொல் சுயநினைவுக்கும் வரும், மனச்சாட்சிக்கும் வரும். நடுவே ‘எஸ்’ சேர்த்து எழுதும் வடிவமும் உண்டு. அது நினைவுநிலைக்கும் தன்னுணர்வுக்கும் மட்டுமே உரியது. ஆனால் அந்த வேறுபாட்டை எல்லோரும் பேணுவதில்லை. ஆகவே எழுத்துக்கூட்டலை நம்பாமல் பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘பெர்தெர்’ (இழத்தல்), ‘ரெகோப்ரார்’ (மீளப்பெறுதல்) கூட வந்தால் சுயநினைவு. ‘ரெமோர்திமியெந்தோ’ (உறுத்தல்) வந்தால் மனச்சாட்சி. ‘தோமார்’ (எடுத்தல்) வந்தால் ஒன்றை உணர்ந்துகொள்ளுதல். ‘ஆ கொன்சியென்சியா’ என்றால் இவை எதுவுமில்லை: ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்வது, அவ்வளவுதான்.

‘கொனோசிமியெந்தோ’ இன்னொரு பொறி. அறிவு என்பதே அதன் வழக்கமான பொருள். ஆனால் ‘பெர்தியோ எல் கொனோசிமியெந்தோ’ என்றால் நினைவிழந்தார். ‘அறிவிழந்தார்’ என்று எழுதினால் நோயாளியைத் திட்டியதாகிவிடும்.

‘கொன்சியெந்தே’ என்ற பெயரடையை எப்போதும் ‘எஸ்’ சேர்த்தே எழுதுவார்கள். இங்கே பொருளைப் பிரிப்பது கூட வரும் வினை; ‘எஸ்தார்’, ‘செர்’ இரண்டுமே ‘இருத்தல்’தான். ‘எஸ்தார்’ வந்தால் பொதுவாக ஆள் மயங்காமல் நினைவோடு இருக்கிறார். ‘செர்’ வந்தால் விஷயம் தெரிந்தே இருக்கிறார். விபத்துச் செய்திகளில் இதன் எதிர்ச்சொல்லான ‘இன்கொன்சியெந்தே’தான் ஆபத்தானது. மயங்கியவரையும் அப்படிச் சொல்வார்கள், பின்விளைவு பாராமல் வாகனம் ஓட்டுபவரையும் அப்படியே சொல்வார்கள். பொறுப்பற்ற சாரதியை ‘நினைவிழந்த சாரதி’ என்று போட்டால் அவர் மீதுள்ள குற்றமே காணாமல் போய்விடும்.

கணினி மொழிபெயர்ப்பு பல வேளைகளில் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வருகிறது. ஆங்கிலத்தில் இவ்விரு பொருளுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளதால், முதற்படியிலேயே தவறான ஒன்று தேர்வானால் தமிழில் எவ்வளவு செப்பனிட்டும் பயனில்லை. இத்தகைய கட்டுரைகளைச் சரிபார்ப்பவரின் மேசைக்கு ஸ்பானிய மூலமும் போக வேண்டும். மருத்துவப் பக்கத்துக்குச் ‘சுயநினைவு’ போதும். ‘பிரக்ஞை’ தத்துவக் கட்டுரைகளுக்கு இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06