அந்தச் சாம்பல் நிற டேப்பைக் கிழித்துப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் மகளின் லேப்டாப்பைக் கீபோர்டு மாற்றக் கொடுத்திருந்தோம். வேலை சுத்தம், விலையும் நியாயம். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பென்டிரைவ் சொருகினால் போதும், வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது, வைஃபையும் விட்டு விட்டு வருகிறது. இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருடம் சர்க்யூட் போர்டு பரிசோதித்தவன் என்பதால் சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தேன். யூஎஸ்பி பக்கம் இருக்க வேண்டிய சாம்பல் நிற டேப் இல்லை, பசைத் தடம் மட்டும் இருந்தது. கடைத் தம்பியைக் கேட்டால், "அது சும்மா பேக்கிங்தான் அங்கிள், கழட்டும்போது கிழிஞ்சிருச்சு" என்கிறார்.

அது பேக்கிங் இல்லை. பாலியஸ்டர் துணி இழைமேல் செம்பும் நிக்கலும் பூசிய டேப் அது. பசையிலும் உலோகத் துகள் கலந்திருக்கும், அதனால்தான் ஒட்டிய இடமெல்லாம் கிரவுண்டோடு, அதாவது தரை இணைப்போடு, சேர்ந்துகொள்கிறது. யூஎஸ்பி 3.0 கிளப்பும் ரேடியோ இரைச்சல் (காதில் கேட்காத மின்காந்தக் குறுக்கீடு) 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழும் என்று இன்டெல் 2012-லேயே எழுதி வெளியிட்டது. இந்த மாதிரி மவுஸும் பல வீட்டு வைஃபையும் ஓடுவது அதே அலைவரிசையில்தான். அந்த இரைச்சல் வெளியே வராமல் தடுப்பதுதான் இந்த டேப்பின் வேலை.

இவ்வளவு மெல்லிசு எப்படித் தடுக்கும் என்று கேட்பார்கள். அந்த அலைவரிசையில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலோடு, ஏறக்குறைய 1.3 மைக்ரான் ஆழத்திலேயே பெரும்பாலும் ஓடிவிடும், நம் தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். அதனால் தடிமனைவிட இடைவெளிக்குத்தான் பயப்பட வேண்டும். அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ., அதில் பாதி நீளத்துக்கு ஓரம் ஒட்டாமல் கிடந்தால், இடுக்கு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் ஆண்டெனா மாதிரி இரைச்சலை வெளியே விட்டுவிடும்.

சிலர் சமையலறை அலுமினியத் தாளை வெட்டி ஒட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! சாதாரணப் பசை மின்சாரம் கடத்தாது, தாளின் மேல் ஆக்ஸைடு வேறு படிந்திருக்கும், அப்புறம் ஒரு துண்டு கிழிந்து போர்டில் விழுந்தால் ஷார்ட்தான்.

தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை மின்னணுத் தொழிற்சாலை உள்ள தீவில், பழுதுபார்க்கக் கற்றுத்தரும் இடங்களில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? கடைக்காரர்களும் ஒரு ரோல் வாங்கி வைக்கட்டும். கிழிந்தால் பில்லில் சேர்த்து இன்னும் சில வெள்ளி கேளுங்கள், தருகிறோம். புதிதாக ஒட்டி, ஓரத்தை விரலால் நன்றாக அழுத்தித் தேய்க்காமல் மட்டும் மூடியைப் பூட்டாதீர்கள்.

வாசகர், பினாங்கு