மெனு வரிசையை மாற்றியதில் பக்க முகவரிகள் செயலிழந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
பாரம்பரிய விதை நெல் விற்பனையாளர்,
திருத்துறைப்பூண்டி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையதள நிர்வாக மென்பொருளுக்கு மூன்று வருடமாகச் சந்தா கட்டி, எங்கள் விதை நெல் கடையின் தளத்தை நடத்தி வருகிறேன். தளம் ஒருநாளும் நின்றதில்லை, வேகத்திலும் குறையில்லை. என் புகார் மெனுவைப் பற்றியது.

எங்கள் தொழில் பட்டத்தை, அதாவது விதைப்புப் பருவத்தை, ஒட்டி நடப்பது. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். அதற்கு முன்பிருந்தே டெல்டாக்காரர்கள் குறுவைக்கான குறுகிய வயது ரகங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆடி பிறந்தால் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று நீண்ட வயது ரகங்களுக்குப் பேச்சு மாறும். கடையில் மூட்டையை முன்னால் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. உங்கள் மென்பொருளிலோ பக்கம் உருவாக்கிய தேதிதான் மெனுவின் வரிசை. அதை மாற்ற, பக்கத்தையே வேறொரு பிரிவின் கீழ் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மே 28 அன்று உங்கள் சப்போர்ட் ஊழியர் சொன்னபடியே அறுபதாம் குறுவை, பூங்கார் ஆகிய இரு குறுகிய வயது ரகங்களின் பக்கங்களையும் புதிய 'குறுவைப் பட்டம்' பிரிவுக்கு மாற்றினேன். கூடவே பக்கத்தின் முகவரியும் மாறிவிடும் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மன்னார்குடிப் பக்கமிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார். விதைக்கும் முன் நெல்லைப் பக்குவப்படுத்தும் நேர்த்திக்காக அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பையில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் 'பக்கம் இல்லை' என்று வருகிறதாம். "தம்பி, விதை நேர்த்தி எப்படின்னு பாக்கத்தானே இத ஒட்டிக் குடுத்தீங்க?" என்றார். அவருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அதே ஸ்டிக்கரோடு 400 பை விற்றிருக்கிறேன். எல்லோரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள், நேர்த்தி செய்யாமலே விதைத்துவிடுவார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

அன்றே பக்கங்களைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். க்யூஆர் கோடு வேலை செய்தது. அறுபதாம் குறுவை மறுபடி மெனுவில் பதினேழாவது வரிக்குப் போனது, போனில் யார் அவ்வளவு தூரம் தள்ளிப் பார்ப்பார்கள்? இடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்குகளும் இப்போது திறப்பதில்லை. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 வசதியைக் கேட்டால், உயர்கட்டணத் திட்டத்தில்தான் உண்டு என்கிறீர்கள்.

மாப்பிள்ளைச் சம்பா எங்களிடம் விதையாகவும் விற்கும், அரிசியாகவும் விற்கும். ஒரு பக்கம் ஒரே இடத்தில்தான் இருக்கலாம் என்பதால் நகல் போட்டு, ஒன்றில் மட்டும் விலையை மாற்றி, நஷ்டத்துக்குக் கொடுத்ததும் நடந்தது.

இலவசமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸில் 2010இல் வந்த 3.0 பதிப்பிலேயே மெனுவைத் தனியாக அமைக்கும் வசதி வந்துவிட்டது. இழுத்து வரிசை மாற்றலாம், ஒரே பக்கத்தை இரண்டு மெனுவில் வைக்கலாம், நீளமான தலைப்புக்குச் சின்னப் பெயர் கொடுக்கலாம். பக்கத்தின் முகவரி அப்படியே இருக்கும். காசு கட்டும் எங்களுக்கு இது ஏன் இல்லை?

அறுபதாம் குறுவை, பூங்கார் பக்கங்கள் இரண்டுக்கும் 301 திருப்பிவிடலை மூன்று நாளுக்குள் கட்டணமின்றிப் போட்டுத் தாருங்கள். ஆடிப்பெருக்குக்குள் மெனுவைத் தனியே அமைக்கும் வசதி வேண்டும். முடியாதென்றால் மீதிச் சந்தாவையும், எல்லாப் பக்கங்களையும் அவற்றின் முகவரிப் பட்டியலோடு கொடுத்துவிடுங்கள். பையில் ஒட்டிய கோடு மாறாமல் வேறு இடத்தில் தளத்தை நடத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்
ஜூன் 3