வைக்கோல் போர் மேல் கிடக்கும் ஃப்ளெக்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

கையில் ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்று கேட்பதற்குள் "சரிப்பா, ப்ராக்டிஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். பதினெட்டு நாளாக அதுவும் இல்லை. அம்மா அனுப்பும் குட்மார்னிங் படத்துக்கு ஒரு கும்பிடு போடுகிறாய். அதை வைத்துத்தான் நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்கிறோம்.

கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் நிற்கிறது. கரையில் நீ ஓடிய தடத்தை மூடிக் கிடந்த கருவேலத்தை வெட்டிவிட்டார்கள், மடை வரைக்கும் இப்போது தாராளமாக ஓடலாம். அக்காவுக்கு ஏழாம் மாதம். உன் ஓட்டம் முடிந்த பிறகுதான் வளைகாப்பு என்று சொல்லிவிட்டாள், மாமியார் வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

உன் பேட்டி வீடியோ பார்த்தேன். சித்தப்பா மகன் அனுப்பினான்.

நீ இந்தியில் இவ்வளவு சரளமாகப் பேசுவாய் என்று எனக்குத் தெரியாது. மைக்கை நீட்டி, உன்னோடு போட்டிபோடும் அந்த உத்தரகண்ட் பையனைப் பற்றிக் கேட்டதும், கொஞ்சம்கூடத் தயங்காமல், கடைசி ரவுண்டில் அவனுக்கு உன் முதுகு நம்பர் மட்டும்தான் தெரியும் என்று சொன்னாய். பேச்சுக்கு மெடல் கிடையாது என்று அவன் பதில் போட்டிருக்கிறான். அதற்கு நீ இன்னொரு பதில் போட்டிருக்கிறாய். டீக்கடையில் அத்தனை பேருக்கும் நானேதான் போட்டுக் காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கண்மாய்க் கரையில் செருப்பில்லாமல் ஓடிய பிள்ளை 14 நிமிடத்துக்குள் ஐயாயிரம் மீட்டர் ஓடிவிட்டு மைக் முன்னால் நிற்கிறான், யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது?

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். இந்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

சரி, அதை அப்புறம் சொல்கிறேன். நேரத்துக்குத் தூங்குகிறாயா? ஒன்பதரைக்குப் படுத்துவிடு. ஊட்டிக் குளிரில் காலையில் உடம்பு சூடாக நேரமாகும், அவசரப்பட்டு வேகம் எடுக்காதே. அம்மா கொடுத்துவிட்ட கேழ்வரகு மாவு இன்னும் இருக்கிறதா?

பாரிஸ் ஒலிம்பிக் ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? 2024 ஆகஸ்ட். நீ லீவில் வந்திருந்தாய். முற்றத்தில் கட்டிலைப் போட்டு, கொசுவத்தி வைத்துக்கொண்டு, நடுராத்திரி தாண்டி உன் ஃபோனில் 1500 மீட்டர் பார்த்தோம். அதற்கு முன்பே நீ எனக்குக் கதை முழுவதும் சொல்லியிருந்தாய். 2023-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் பிரிட்டன்காரர் ஜோஷ் கெர் 3:29.38-ல் ஜெயித்ததும், 3:29.65-ல் இரண்டாவதாக வந்த நார்வேக்காரர் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன், கெர் ஏதோ வரிசையில் அடுத்து வந்த ஒரு ஆள் என்கிற மாதிரி பேசினாராம். அப்புறம் 2024 பிப்ரவரியில் நியூயார்க்கில் கெர் உள்ளரங்கில் இரண்டு மைலை 8:00.67-ல் ஓடி, மோ ஃபரா வைத்திருந்த நேரத்தை உடைத்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ஓட்டத்தில் நான்தான் ஜெயித்திருப்பேன் என்றார் யாக்கோப். நீ இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "என்னா வாய்ப்பா இவனுக்கு!" என்றாய். அந்தச் சமயத்தில் யாக்கோப் குதிகால் தசைநார் வலியால் உள்ளரங்கு சீசன் முழுக்க ஓடாமல் உட்கார்ந்திருந்தார் என்பதையும் நீதான் சொன்னாய். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது படுகிறது. ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் வாய் அதிகம் தேவைப்படுகிறது.

பாரிஸில் என்ன நடந்தது? யாக்கோப் முதல் சுற்றையே 55 வினாடிக்குள் இழுத்தார். நான்தான் பெரியவன் என்று அத்தனை மாதம் சொல்லிவிட்ட பிறகு பின்னால் பதுங்கி ஓட முடியுமா? முன்னால் போய்த்தான் தீர வேண்டும். கெர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினார். கடைசி வளைவில் அமெரிக்கப் பையன் கோல் ஹாக்கர் உள்பக்கம் நுழையப் பார்த்தார், யாக்கோப் மறித்தார், பையன் ஒரு எட்டு பின்வாங்கினான். செத்தான் என்று நான் சொன்னேன். நீ என் கையைப் பிடித்து "இருப்பா" என்றாய். நேர்கோட்டில் அதே உள்பக்கம் மறுபடி வழி திறந்தது. 3:27.65, ஒலிம்பிக் சாதனை. கெர் 3:27.79. இன்னொரு அமெரிக்கர் நுகூசே 3:27.80. மார்தட்டிய யாக்கோப் 3:28.24, நான்காவது. பெயரே பேசப்படாத பிள்ளை தங்கத்தை எடுத்துக்கொண்டு போனான். நீ கட்டில் மேலேயே எழுந்து நின்றுவிட்டாய், அம்மா தூக்கத்தில் பதறி எழுந்து திருடனா என்று கேட்டாள்.

நீ அந்த உத்தரகண்ட் பையனையே பார்த்துக்கொண்டிருந்தால் உள்பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது யார்? இது ஒன்றுதான் நான் சொல்வது. பேசக் கூடாது என்று சொல்லவில்லை. பன்னிரண்டரைச் சுற்று ஓடுகிறவனுக்கு உள்ளே ஒரு திமிர் வேண்டும், அது இல்லாமல் ஒன்பதாவது சுற்றில் நுரையீரல் எரியும்போது எதைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய்? ஆனால் வாயால் செலவழித்தது காலுக்கு மிஞ்சுமா என்று பார்த்துக்கொள். எத்தியோப்பியாவின் கெப்ரசெலாசியும் கென்யாவின் டெர்கட்டும் சிட்னி ஒலிம்பிக்கில், 2000-ல், பத்தாயிரம் மீட்டர் ஓடி 0.09 வினாடியில் பிரிந்தார்கள். 27:18.20, 27:18.29. அந்த டேப்பை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம்? ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதாக நான் கேட்டதில்லை. கோட்டைத் தாண்டும் வரைக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

தூக்கம் முக்கியம். சொல்லிவிட்டேனா? பரவாயில்லை.

2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டி ஓட்டத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். நீ கேம்பில் இருந்தாய். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, கவனித்தாயா? யாக்கோப் அந்த வருஷம் மார்ச்சில் நான்ஜிங் உள்ளரங்கு உலகப் போட்டியில் 1500, 3000 இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, மறுபடி அதே குதிகால் தசைநார் வலி. கோடை முழுவதும் ஓட்டமில்லாமல் டோக்கியோ வந்து 1500-ல் முதல் சுற்றிலேயே வெளியே போனார், ஐயாயிரத்தில் பத்தாவது. கெர் இறுதிச் சுற்றில் ஓடும்போதே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எல்லோரும் போய்விட்டார்கள். போர்ச்சுகல்காரர் நாடர் 3:34.10-ல் ஜெயித்து, கொண்டாட்டமும் தொடங்கிவிட்டது. கெர் மட்டும் நொண்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, 4:11-க்கு மேல் வந்து சேர்ந்தார். அந்தக் கடைசி நேர்கோட்டை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. எழுந்துவிட்டேன். டீ ஆறிப்போனது. அம்மா வந்து "என்னங்க ஆச்சு?" என்றாள். யாரோ வெளிநாட்டுக்காரனுக்குக் கால் போச்சு என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நான் யாரைப் பார்த்தேன் என்று.

தம்பி, பிரிட்டன் ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோவின் அப்பா பீட்டரைப் பற்றி உனக்கு நான்தான் முதலில் சொன்னேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பீட்டர் ஓர் இன்ஜினியர், ஓட்டத்தில் பெயரெடுத்தவர் இல்லை, மகனுக்காகவே படித்துக் கற்றுக்கொண்டு பயிற்சி கொடுத்தவர். கரண்ட் ஆபீஸ் வேலை முடிந்து வந்து கண்மாய்க் கரையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்ற எனக்கு அவர்தான் எல்லாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் கோவுக்கு, 1500 அவர் நாட்டுக்காரரே ஆன ஓவெட்டுக்கு என்று ஊரெல்லாம் பேசியது. 800-ல் ஓவெட் ஜெயித்துவிட்டார். பீட்டர் மகனைப் பார்த்து முட்டாள் மாதிரி ஓடினாய் என்று திட்டினார். ஆறு நாள் கழித்து 1500-ல் மகன் தங்கம் வாங்கினான், ஓவெட் மூன்றாவது. அந்தத் திட்டுதான் தங்கம் வாங்கிக் கொடுத்தது என்று நான் நம்பினேன். அப்பா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பையன் தானே எழுந்து நின்றிருப்பான் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

திருச்சியைப் பற்றிப் பேசாமல் ஏழு வருஷம் ஓட்டிவிட்டோம். நான் பேசுகிறேன்.

நீ அப்போது யாரிடமும் பேசாத பிள்ளை. ஜெயிப்பாயா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாய். பேசியது நான். "எல்லாரையும் ஒரு ரவுண்டு முந்தித்தான் வருவான்" என்று டீக்கடை, கரண்ட் ஆபீஸ், கோயில் வாசல் ஒன்று விடாமல் சொன்னேன். ஓட்டத்துக்கு முந்தின நாளே பத்துக்கு எட்டில் ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கிவிட்டேன். "தங்க மகனே வருக வருக". உன் படம், பக்கத்தில் என் படம். வேனில் பின் சீட்டுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

காலையில் மைதானத்துப் படியில் உட்கார்ந்து இடது ஷூவின் லேஸைக் கட்டினாய், அவிழ்த்தாய், மறுபடி கட்டினாய். அப்புறம் நடு ஓட்டையை விட்டுவிட்டுக் கோத்தாய். "அப்பா, இங்க மட்டும் வலிக்குது" என்று ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டினாய். கால் முழுக்க வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு விரல் அளவு இடம். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சுடா" என்றேன்.

நீ ஓடினாய். மூன்றாவதாக வந்தாய். அந்தக் காலோடு மூன்றாவது. நான் வீடு வரும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் "பார்த்தியா, எல்லாம் மனசுதான்" என்றேன். எலும்பில் விழும் மயிரிழைக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் பதினைந்து நாள் உன்னை ஓடவிட்டேன். அதற்கப்புறம் நீ ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போனது எத்தனை மாதம் என்று உனக்கே தெரியும்.

அதிலிருந்துதான் உனக்குப் பேச்சு வந்தது. கால் எப்படி என்று யார் கேட்டாலும் நீ சவால் விடுவதைத்தான் பதிலாகச் சொல்கிறாய். அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தது நான். என்னிடம்கூட வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் செய்துவைத்ததும் நான்.

வீடியோவில் உன் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன் என்றேனே. நாற்பத்திரண்டாவது வினாடியில் கேமரா கீழே இறங்குகிறது. இடது ஷூவில் நடு ஓட்டையை விட்டு லேஸ் கோத்திருக்கிறாய். வலது காலில்தான் முழுப் பாரத்தையும் போட்டு நிற்கிறாய். அங்கேயே நிறுத்தி, பெரிதாக்கி, ராத்திரி ஒரு மணி வரை பார்த்தேன். வேறு காரணமும் இருக்கலாம். ஷூ புதுசாக இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் வைக்கோல் போர் மேல்தான் கிடக்கிறது. படம் உள்பக்கம் வரும்படி அம்மா திருப்பிப் போட்டிருக்கிறாள். இந்த முறை டீக்கடைக்காரர் தன் செலவில் அடிக்கிறேன் என்று வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஓடுவாயா, மாட்டாயா என்று கேட்டார்கள். அது அவனும் அவன் கோச்சும் முடிவு செய்வது என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

வியாழக்கிழமை பஸ்ஸில் பக்கத்து வீட்டுத் தம்பி மேட்டுப்பாளையம் வருகிறான், அங்கிருந்து ஊட்டி. அவனிடம் கேழ்வரகு மாவும், கருப்பட்டியும், அம்மா காய்ச்சிய முருங்கைக்கீரைப் பொடியும் கொடுத்துவிட்டிருக்கிறோம். குளிருக்கு என் பழைய ஸ்வெட்டரும் இருக்கிறது. ஸ்டாப்வாட்ச்சை வைக்கவில்லை, அது இங்கேயே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு ஃபோன் பண்ணு. நான் அந்த நேரத்துக்குக் கண்மாய்க் கரைக்கு நடக்கப் போய்விடுவேன். அம்மா எடுப்பாள். அவளிடம் சொல்.

அன்புடன்,
அப்பா