ப்ளூ ஜேக்களைச் சுடலாமா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மன்ரோவில் என்ற ஊருக்குப் போய்வந்து நீ எழுதியிருந்ததை நானும் அப்பாவும் சேர்ந்து படித்தோம். ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த அந்த அலபாமா ஊரின் பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருப்பதையும், மேல்மாடத்தில் நின்று நீ கீழே பார்த்ததையும் அப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசிப் பத்தியில் நீ எழுப்பியிருந்த கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஹார்ப்பர் லீயின் நாவலில், வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் டாம் ராபின்சனை ஒரு பாட்டுப் பறவைக்கு ஒப்பிடுவது அவனுக்குச் செய்யும் மரியாதைதானா, அல்லது மனிதனாக அவனைப் பார்க்க மறுக்கும் இன்னொரு வழியா என்று கேட்டிருந்தாய். அந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவள் என்பதால், இதை எழுத்தில் நிதானமாகச் சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

உன் கேள்வியில் பாதி சரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பாதியை எழுதி வைத்திருப்பதும் ஹார்ப்பர் லீதான் என்பது என் எண்ணம்.

புகழ்பெற்ற அந்த வாசகத்திலிருந்தே தொடங்குவோம். கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட்டுக்கும் அவள் அண்ணன் ஜெம்முக்கும் காற்றுத் துப்பாக்கி கிடைத்தபோது, டாமுக்காக வாதாடும் வழக்கறிஞரான தந்தை ஆட்டிகஸ் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பின்பாதியை மட்டுமே காட்டுகிறார்கள். மாக்கிங்பேர்ட் என்னும் பாட்டுப் பறவையைக் கொல்வது பாவம் என்பது பின்பாதி. குறி தப்பாமல் அடிக்க முடிந்தால் ப்ளூ ஜே என்னும் நீலப் பறவைகளை எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளுங்கள் என்பது முன்பாதி. பக்கத்து வீட்டு மிஸ் மாடி அதற்குக் காரணம் சொல்கிறாள்: மாக்கிங்பேர்ட் தோட்டத்தைத் தின்று அழிப்பதில்லை, சோளக் களஞ்சியத்தில் கூடு கட்டுவதில்லை, நமக்காக மனமுருகிப் பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இந்த அளவுகோலை நன்றாகக் கவனித்துப் பார். தொந்தரவு தராமலும் நமக்கு இன்பம் தந்துகொண்டும் இருக்கும் உயிருக்குத்தான் இங்கே பாதுகாப்பு. பாடத் தெரியாத, கரகரத்த குரலுள்ள, தோட்டத்துக்குள் வந்துவிடுகிற பறவையின் கதி என்ன என்று அந்த வாக்கியம் கேட்பதே இல்லை. யார் மாக்கிங்பேர்ட், யார் ப்ளூ ஜே என்று தீர்மானிப்பது துப்பாக்கி வைத்திருப்பவரின் பொறுப்பாகவே இருந்துவிடுகிறது.

உண்மையான மாக்கிங்பேர்ட் இவ்வளவு சாதுவான பறவை அல்ல என்பது அங்கே இருக்கும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். சாம்பல் நிற உடலும், பறக்கும்போது தெரியும் வெள்ளைத் திட்டும் கொண்ட அது பழங்களைத் தின்னும். கூட்டை நெருங்கினால் பூனை என்றும் மனிதர் என்றும் பாராமல் பாய்ந்து கொத்த வரும். மிஸ் மாடி சொல்லும் பறவை, மனிதர்கள் தங்கள் வசதிக்காக அமைத்துக்கொண்ட குற்றமற்ற உயிரின் உருவம். அதைக் குழந்தைகளுக்குச் சொன்னதில் தவறில்லை. எட்டு வயதுப் பெண் இரக்கத்தைப் பழகத் தொடங்க அந்த அளவு போதும். ஆனால் ஒரு நீதிமன்றத்துக்கு அது போதாது என்பதைத்தான் நாவலின் பின்பகுதி காட்டுகிறது.

டாம் ராபின்சன் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னதை நினைத்துப் பார். அவன்மேல் குற்றம் சாட்டிய மயெல்லா யூவெலுக்கு வீட்டுவேலைகளில் உதவி செய்துவிட்டுக் காசு வாங்காமல் போனதற்குக் காரணம் கேட்கிறார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது என்கிறான் டாம். அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த கணத்திலேயே கீழே அமர்ந்திருந்த வெள்ளையர்களின் முகம் மாறிவிடுகிறது. கறுப்பினத்தவன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணுக்காகப் பரிதாபப்படுவது என்றால், அந்த அளவில் அவளைவிட ஒரு படி மேலே நின்றுவிட்டான் என்று பொருள். கதை நடக்கும் மேகோம்ப் ஊரால் பொறுக்க முடியாதது அதுதான். பறவை யாருக்காகவும் பரிதாபப்படாது, கண்ணு. டாம் செய்தது ஒரு முழு மனிதனின் செயல். அவனைச் சாவுக்கு அனுப்பியதும் அந்த மனிதத்தன்மைதான். ஆகவே அவனைப் பறவை என்று சொன்னால் அவனிடம் இருந்த மிகச் சிறந்த ஒன்று விடுபட்டுப்போகிறது என்ற உன் வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

டாமைப் பறவையோடு ஒப்பிடுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டிகஸ் அல்ல, ஸ்கவுட்டும் அல்ல. சிறைப் பண்ணையில் வேலி ஏறித் தப்ப முயன்றான் என்று டாமைச் சுட்டுக் கொன்ற பிறகு, உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அண்டர்வுட் தலையங்கத்தில் எழுதுகிறார்: வேட்டைக்காரர்களும் சிறுவர்களும் பாட்டுப் பறவைகளை அர்த்தமில்லாமல் கொன்று தள்ளுவதைப் போன்றது இந்தச் சாவு என்று. கறுப்பினத்தவர் யாரையும் பக்கத்தில் அண்டவிடாதவர் என்று நாவலே அறிமுகப்படுத்தும் மனிதர் அவர்! பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி இடக்கை சூம்பிப்போன ஊனமுற்றவனைக் கொல்வது பாவம் என்பதுதான் அவர் கணக்கு; வழக்கில் நடந்த அநீதியைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. சமமானவனாக ஏற்காமலேயே ஒருவனுக்காகக் கண்ணீர் விட முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. பறவை உவமையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கையில் கொடுத்தது ஆசிரியரின் நுட்பம். தற்செயல் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அந்த இருபத்தைந்தாவது அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை மெதுவாகப் படி. தொட்டால் உருண்டுகொள்ளும் ஒரு சிறு பூச்சியை ஸ்கவுட் கையால் நசுக்கப் போவதோடு அது தொடங்குகிறது. அண்ணன் ஜெம் தடுத்து, வெளியே கொண்டுபோய் விடச் சொல்கிறான். ஏன் நசுக்கக் கூடாது என்று அவள் கேட்டால், அவை உன்னை ஒன்றும் செய்யவில்லையே என்கிறான். சில பக்கங்களுக்குள் டாமின் மனைவி ஹெலனைப் பற்றிப் பிள்ளைகளின் தோழன் டில் விவரிப்பது வருகிறது: ஆட்டிகஸும் அவர் வீட்டுக் கறுப்பினச் சமையல்காரி கால்பூர்னியாவும் வாசலுக்கு வந்ததைக் கண்டதுமே, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, அவள் மண்ணில் சரிந்துவிட்டாள், பெரிய பாதமுடைய ராட்சதன் ஒருவன் மிதித்ததுபோல, நாம் எறும்பை மிதிப்பதுபோல என்கிறான் அந்தச் சிறுவன். அதன் பிறகுதான் பாட்டுப் பறவைத் தலையங்கம். பூச்சி, எறும்பு, பறவை ஆகிய மூன்றும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. பாடாத, அழகில்லாத, யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத பூச்சிக்காக ஜெம் சொன்ன காரணம், மிஸ் மாடி சொன்ன காரணத்தைவிட ஒரு படி உயர்ந்தது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. டாம் குற்றவாளி என்ற தீர்ப்பைக் கேட்டு அழுத பிள்ளை அவன். பாட்டுக்காக இல்லாமல், உயிர் என்ற ஒன்றுக்காகவே அவன் இரக்கம் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டான். உன் கேள்விக்கு நாவலுக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது என்றால் அது இந்தப் பூச்சிதான்.

இனி வெறிநாய். பெரும்பாலான வாசகர்கள் பறவையைப் பிடித்துக்கொண்டு நாயை விட்டுவிடுகிறார்கள்; இரண்டும் வருவது பத்தாவது அத்தியாயம் ஒன்றிலேயே என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய அத்தியாயத்தின் முடிவில் ஆட்டிகஸ் தன் தம்பியிடம், மேகோம்ப் ஊரின் வழக்கமான நோய் தன் பிள்ளைகளைத் தொற்றிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார். நல்ல புத்தியுள்ளவர்கள்கூடக் கறுப்பினத்தவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று வந்துவிட்டால் வெறிபிடித்தவர்கள் ஆகிவிடுவது ஏன் என்று தனக்குப் புரியவில்லை என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் அந்த வெறி நான்கு காலில் தெருவில் தள்ளாடி வருகிறது. அந்த நாய்க்கு டிம் ஜான்சன் என்று மனிதருக்கு இருப்பதுபோலவே பெயரும் குடும்பப் பெயரும் இருக்கின்றன; அது ஊருக்கே செல்லப்பிள்ளை. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை, நோய்தான் அதற்குள் புகுந்துவிட்டது. இனவெறியை ஹார்ப்பர் லீ கொடிய மிருகமாகக் காட்டாமல், பழகிய வீட்டு நாய்க்கு வந்த நோயாகக் காட்டியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஜூரியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் ராட்சதர்கள் அல்லர். அன்றாட வாழ்க்கையில் நியாயமாக நடக்கும் சாதாரண மனிதர்கள்.

அந்தக் காட்சியில் ஒரு சிறு விஷயம் உண்டு. கால்பூர்னியா அக்கம்பக்கத்து ராட்லி வீட்டின் முன்வாசல் படியேறிக் கதவைத் தட்டி எச்சரிக்கிறாள். அவள் பின்வாசல் வழியாகத்தானே போக வேண்டும் என்கிறாள் ஸ்கவுட். இப்போது அதனால் ஒன்றுமில்லை என்கிறான் ஜெம். நாய் கண்ணுக்குத் தெரிகிறபோது நிறத்தின் விதி சற்று நேரம் தளர்கிறது. நோய் மனிதர்களுக்குள் இருக்கிறபோது தளர்வதில்லை.

ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீஃப் டேட் துப்பாக்கியை ஆட்டிகஸ் கையில் திணிக்க, அவர் ஒரே குண்டில் நாயைச் சாய்க்கிறார். தீர்ப்பு நாளன்று அதே காட்சியை ஸ்கவுட் மறுபடி நினைக்கிறாள்: நீதிமன்றம் நிரம்பி வழிந்தாலும், மாக்கிங்பேர்டுகள் ஓய்ந்துபோன அந்தப் பிப்ரவரிக் காலையைப் போலவே இருக்கிறது, ஆட்டிகஸ் தெருவில் நடந்து, துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, விசையை அழுத்துவதைப் பார்ப்பதுபோல இருக்கிறது, ஆனால் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரிகிறது. வெறிபிடித்த நாய்க்கு ஒரு குண்டு போதுமாக இருந்தது. குற்றமே செய்யாத டாமின் உடம்பில் பதினேழு துளைகள். அவ்வளவு சுட்டிருக்க வேண்டியதில்லை என்று ஆட்டிகஸ் சொல்லும் இடத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் கம்மியிருக்கிறது.

கதை 1930களின் நடுப்பகுதியில் நடக்கிறது. புத்தகம் வந்தது 1960இல், புலிட்சர் பரிசு 1961இல். 1931இல் அதே அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பொய்யான பாலியல் குற்றச்சாட்டில் சிக்க வைக்கப்பட்டதையும், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகள் அவர்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்ததையும் அறிந்தவர்களுக்கு, மேகோம்ப் கற்பனை ஊராக மட்டும் தோன்றாது.

வீட்டைவிட்டு வெளியே வராத அக்கம்பக்கத்துக்காரர் பூ ராட்லியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மயெல்லாவின் தந்தை பாப் யூவெலிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற பூ அவனைக் கொன்றுவிடுகிறார். யூவெல் தன் கத்தியின்மேல் தானே விழுந்து செத்தான் என்று ஷெரீஃப் முடிவு கட்டுகிறார்; கூச்ச சுபாவமுள்ள அந்த மனிதரை ஊர் முன்னால் இழுத்து நிறுத்துவது பாவம் என்கிறார். அது மாக்கிங்பேர்டைச் சுடுவதுபோல் ஆகிவிடும், இல்லையா என்று ஸ்கவுட் கேட்பது இங்கேதான். பூவுக்கு அந்த உவமை முழுவதும் பொருந்துகிறது. அவருக்கு வேண்டியது தனிமை ஒன்றே. ஆனால் சட்டத்தின் கண்ணில் என்ன நடந்தது என்று பார். உண்மையிலேயே ஓர் உயிர்போகக் காரணமான வெள்ளையர் விசாரணையே இல்லாமல் வீடு திரும்புகிறார். யாரையும் தொடாத கறுப்பினத்தவன் விசாரணைக்குப் பிறகும் சாகிறான். ஒரு கறுப்புப் பையன் காரணமில்லாமல் செத்துப்போனான், அதற்குக் காரணமானவனும் செத்துவிட்டான் என்று அதே ஷெரீஃப் அதே மூச்சில் சொல்கிறார். பூவைக் காப்பாற்றியதற்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கருணை டாமுக்குத் தேவைப்பட்ட நாளில் அவரும் சாட்சிக் கூண்டில் ஏறித் தான் கண்டதைச் சொன்னார். அதற்குமேல் அவரால் ஒன்றும் ஆகவில்லை. டாமுக்கு வேண்டியிருந்தது கருணை அல்ல, நியாயம். அது தனி ஒருவர் மனமிரங்கித் தரக்கூடிய பொருளும் அல்ல.

அடுத்த மாதம் உன் வாசிப்புக் குழுவில் இந்த நாவலைப் பேசப் போவதாக எழுதியிருந்தாய். பறவையின் பொருள் என்ன என்று தொடங்காதே. அதற்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கும். ப்ளூ ஜேயைச் சுடலாம் என்று ஆட்டிகஸ் சொன்னது சரியா என்று கேட்டுத் தொடங்கு. ஆட்டிகஸைப் பெரிதும் நேசிப்பவர்கள் முதலில் சங்கடப்படுவார்கள், நானும் அவரை நேசிப்பவள்தான். பிறகு நாயையும் பூச்சியையும் கொண்டு வா. என்ன பேசினார்கள் என்று விரிவாக எழுது. அப்பாவும் படிக்கக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா