பரங்கிக்காய் கேக்குக்கு ஒரு பொடி

எடிசன், நியூ ஜெர்ஸி
அக்டோபர்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சியளித்தது. நாங்களும் நலமே. மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன. தெருவில் வீட்டுக்கு வீடு வாசற்படியில் பரங்கிக்காய் உட்கார்ந்திருக்கிறது.

புது ஓவனில் பரங்கிக்காய் கேக் செய்யப்போவதாகவும், இங்கே இந்தப் பருவத்தில் எல்லோரும் போடும் 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' பொடியை அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தாய். அனுப்பலாம்தான், ஆனால் புவிசார் குறியீடு பெற்ற கிராம்பு விளையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு, எப்போது அரைத்ததென்றே தெரியாத பொடியை நீ கடல் கடந்து வரவழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீயே அரைத்துக்கொள்.

மெக்கார்மிக் என்ற அமெரிக்க மசாலா நிறுவனம் இந்தப் பொடியை 1934இல் விற்கத் தொடங்கியது. பழக்கம் அதைவிட மிகப் பழையது. அமெலியா சிம்மன்ஸ் 1796இல் வெளியிட்ட சமையல் நூலில் பரங்கிக்காய்ப் புட்டிங் இரண்டு விதமாக வருகிறது: ஒன்றுக்கு ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி, மற்றதற்கு ஆல்ஸ்பைஸ் என்ற மிளகுபோன்ற மணக்காயும் இஞ்சியும். இரண்டிலும் பட்டை இல்லை. இன்றைய பொடியிலோ பாதிக்கு மேல் பட்டைதான். ஆகவே நான் சொல்லும் அளவை உன் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தயங்காதே: பட்டைத்தூள் மூன்று மேசைக்கரண்டி, சுக்குத்தூள் இரண்டு தேக்கரண்டி, ஜாதிக்காய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் ஒரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் அரைத் தேக்கரண்டி. பல குறிப்புகளில் கிராம்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும். எனக்கு அது பல்வலி மருந்தின் வாசனையாகிவிடுகிறது.

பட்டை வாங்கும்போது நிதானமாகப் பார். மளிகைக் கடையில் பிரியாணிக்கு என்று கிடைக்கும் தடித்த, கையால் ஒடிக்க முடியாத பட்டை பெரும்பாலும் காசியா வகை. காரமும் நெடியும் அதிகம். இலங்கைப் பட்டை காகிதம்போல் மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், வாசனையில் இனிப்பு முந்தி நிற்கும். அமெரிக்கர்களுக்குப் பழகிய மணம் காசியாவுடையது. ஆனாலும் நான் இரண்டையும் சரிபாதி கலக்கிறேன். காசியாவில் கூமரின் என்ற பொருள் மிகுதி, அன்றாடம் நிறையச் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஜாதிக்காயை மட்டும் மிக்சியில் போடாதே. அதில் கொழுப்பு அதிகமாதலால் பிளேடின் அடியில் அப்பிக்கொள்ளும். மேல் ஓட்டை உடைத்து எடுத்துவிட்டு, மிக நுண்ணிய துருவியில் தேய்த்தால், வெட்டிய முகத்தில் பழுப்பு நரம்புகள் பளிங்குக் கல்லில் ஓடுவதுபோல் தெரியும். அந்த நரம்புகளில்தான் எண்ணெயும் மணமும் இருக்கின்றன. மற்றவற்றை மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள். பட்டையின் நாரும் சுக்கின் நாரும் சல்லடையில் தங்கும். அவற்றை எறியாமல் தேநீரில் போடலாம்.

நம் கை தானாகவே வாணலியைத் தேடும், ஆனால் இதற்கு வறுக்க வேண்டாம். கேக் எப்படியும் ஓவனில் முக்கால் மணி நேரம் வேகப்போகிறது. முன்கூட்டியே வறுத்தால் மணத்தில் ஒரு பங்கு அடுக்களையிலேயே போய்விடும். ஈரம் இருப்பதாகத் தோன்றினால் வெயிலில் சிறிது நேரம் காயவைத்தால் போதும்.

ஆல்ஸ்பைஸ் அங்கே கிடைப்பது கடினமாக இருக்கலாம். அது ஜமைக்காப் பக்கத்து மரத்தின் காய். காய்ந்தால் பெரிய மிளகுபோல் இருக்கும். கேரளத்தில் சர்வசுகந்தி என்ற பெயரில் அந்த மரத்தை வளர்க்கிறார்கள், களியக்காவிளைப் பக்கம் நர்சரிகளில் விசாரித்துப் பார். கிடைக்காவிட்டால் கிராம்பையும் ஜாதிக்காயையும் ஒரு சிட்டிகை கூட்டினால் போதும்; ஆல்ஸ்பைஸின் மணத்துக்கு முக்கியக் காரணமான யூஜெனால்தான் கிராம்பிலும் இருக்கிறது.

கால் கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டிப் பொடி சரியாக இருக்கும். அதை மாவில் கலப்பதைவிட உருக்கிய வெண்ணெயில் கலந்து சற்று நேரம் வைத்துவிடு. மணம் கொழுப்பில்தான் இறங்கும். கேக்கை மறுநாள் வெட்டுவது நல்லது. மீதிப் பொடியைக் கண்ணாடிப் புட்டியில் வை, பிளாஸ்டிக்கில் கிராம்பு வாசனை ஏறினால் போகாது.

டிசம்பரில் என் அண்ணன் இங்கே வருகிறார். அவரிடம் மாறாமலையில் விளைந்த கிராம்பு நூறு கிராம் கொடுத்தனுப்பு. கிறிஸ்துமஸ் கேக்குக்கு நீ எந்த விகிதத்தில் பொடி போடுகிறாய் என்பதையும் அப்போது எழுதியனுப்பு.

அன்புடன்,
மல்லிகா