மெம்பரேனைச் சோதித்தது எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து எச்சங்கள், பூச்சிக்கொல்லிகள், பிஸ்பீனால்-ஏ (பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருள்) போன்றவற்றைக் குடிநீரிலிருந்து நீக்கும் புதுவகை மெம்பரேன்கள் (நீரை வடிகட்டும் மெல்லிய படலங்கள்) பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் '90 சதவீதத்துக்கு மேல் நீக்கும்' என்ற ஒரு வரியை நம்பி எந்த உள்ளாட்சியும் டெண்டர் விடக் கூடாது.

இத்தகைய மெம்பரேன்களில் ஒன்று, மிக நுண்ணிய துளைகள் கொண்ட நானோ வடிகட்டி. அதில் வேலை செய்வது, பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக் தாங்கியின் மேல் படிந்திருக்கும் பாலிஅமைடு என்ற பாலிமர் படலம். தடிமன் சுமார் 0.1 மைக்ரான். சாதாரணக் குடிநீரில் அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகிய வலிநிவாரணிகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் விலக்கித் தள்ளப்படுகின்றன. மின்னூட்டம் இல்லாத பிஸ்பீனால்-ஏ (மூலக்கூறு எடை 228) அப்படியல்ல. அது பாலிஅமைடில் ஒட்டி, உள்ளே ஊறி, மெல்ல மறுபக்கம் வெளியேறும்.

ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. புது மெம்பரேனில் முதல் சில மணி நேரம் பிஸ்பீனால்-ஏ முழுக்க நீங்கியதுபோலத் தெரியும். உண்மையில் மெம்பரேன் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஊறி நிறைந்ததும் நல்ல நீரில் (மெம்பரேனைக் கடந்து வடிந்த நீரில்) அளவு ஏறத் தொடங்கும். ஆகவே வடிந்த நீரில் அளவு நிலைப்படும் வரை, குறைந்தது ஒரு முழு நாளாவது, ஓட்ட வேண்டும். உள்ளே செலுத்தும் ஊட்டு நீர், நல்ல நீர், மெம்பரேனைக் கடக்காமல் வெளியேறும் கழிவு நீர் மூன்றிலும் பிஸ்பீனால்-ஏ அளவை அளந்து கணக்கு நேர்செய்ய வேண்டும். கணக்கில் குறைவது மெம்பரேனுக்குள் இருக்கிறது.

இப்படி நழுவுபவற்றையும் தடுக்க, மெம்பரேனின் மேற்பரப்பை மாற்றுகிறார்கள். அதற்கான வழிகளில் ஒன்று, மெத்தாக்ரிலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்சல்ஃபேட், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் துணையோடு படலத்தின் மேல் ஒட்டு வளர்ப்பது. இதனால் எதிர்மின்னூட்டம் கூடும். மின்னூட்டமற்றவற்றைத் தடுக்கத் துளையும் இறுக வேண்டும். அதற்கு எத்திலீன் டைஅமீன் கொண்டு, ஒட்டு வளர்ந்த பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். அமீன் முனைகளால் குறையும் எதிர்மின்னூட்டத்தை, பிறகு சக்சினிக் அமிலம் சேர்த்து மீட்கிறார்கள். ஒட்டு அதிகமானால் நீர் வரத்து விழும், அழுத்தம் ஏற்ற வேண்டிவரும், மின்கட்டணம் கூடும். இன்னொரு தொல்லை, படலத்தில் பிணையாமல் கரைசலிலேயே வளர்ந்த பாலிமர் மேலே வெறுமனே படிவது. 0.1 சதவீதக் காஸ்டிக் சோடாவில் கழுவினால் அது போய்விடும். எனவே கழுவிய பிறகும் அதே சோதனையைத் திரும்பச் செய்யாத மெம்பரேனை வாங்கக் கூடாது. குளோரினும் பாலிஅமைடுக்கு எதிரி. அதனால் நீரில் உள்ள குளோரினை முதலில் நீக்க வேண்டும். 1 மி.கி. குளோரினுக்கு 1.34 மி.கி. சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 3 மி.கி. போடுவார்கள்.

பாரிஸ் அருகே மெரி-சுர்-வாஸ் நிலையம் 1999 முதல் நாளுக்கு 1,40,000 கனமீட்டர் ஆற்று நீரை நானோ வடிகட்டியில் சுத்திகரிக்க அமைக்கப்பட்டது. அட்ரசின் களைக்கொல்லியைத் தடுத்து, கால்சியத்தில் ஒரு பகுதியை விட்டுவைக்கும் மெம்பரேனை அங்கே பயன்படுத்தினார்கள். எதை நீக்குவது என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற மெம்பரேனைத் தேர்ந்தார்கள். நாமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

சென்னையில் நெசப்பாக்கம், பெருங்குடியில் சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில் சேர்த்துக் குடிநீராக்கும் திட்டத்துக்காக அமைந்தவை, நானோ வடிகட்டியைவிடப் பெரிய துளைகள் கொண்ட அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் நிலையங்கள். அந்தத் துளைகள் கிருமியைப் பிடிக்கும். கரைந்திருக்கும் மருந்தைப் பிடிக்காது. அடுத்தகட்டச் சுத்திகரிப்பில் கார்பமசெபின் (வலிப்பு மருந்து), பிஸ்பீனால்-ஏ, அட்ரசின் மூன்றையாவது தவறாமல் அளந்து முடிவை வெளியிட வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. அது காட்டுவது உப்பின் மின்கடத்தலை. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அட்ரசின் இருந்தாலும் முள் அசையாது.

மெம்பரேன் ஒதுக்கித் தள்ளும் கழிவு நீரையும் டெண்டரில் சேர்க்க வேண்டும். நூற்றுக்கு 80 பங்கு நீரை நல்ல நீராக எடுத்தால், மீதி 20 பங்கில் தடுக்கப்பட்ட மாசு ஏறக்குறைய ஐந்து மடங்கு செறிவாக நிற்கும். கரியிலோ ஓசோனிலோ சுத்திகரிக்காமல் அதை ஆற்றில் விட அனுமதி தரக் கூடாது.

இப்படிக்கு,
குடிநீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை