தண்ணிக்கு வழி விடச் சொல்லிக் குடுத்தவுகளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மழையில அரிச்சுப் போன நம்ம ஊரு நடைபாதையத் திரும்பப் போடச் சொல்லிக் குடுத்தவுக, ஒதவுனவுக எல்லாருக்கும் தனித்தனியா வீட்டுக்கு வந்து நன்றி சொல்லியிருக்கணும், ஆனா நாலு நாளு மண்ணு சுமந்ததுல முதுகு பிடிச்சிக்கிச்சு, அதான் மொத்தமா இங்கயே எழுதிடுறேன். யாரு பேரையும் போடல, போட்டா ஒருத்தர விட்டுட்டேன்னு நாளைக்கு டீக்கடையில வச்சு என்னயத்தான் கேப்பாக.

மொதல்ல என் தப்பச் சொல்லிடுறேன். போன வருஷம் கண்மாய்க்கரையிலருந்து முந்திரிக்காடு வழியா ஊருணி வரைக்கும் நடைபாதை போடலாம்னு கெளம்புனப்ப, ஜேசிபிய விட்டு நேரா ஒரே கோடா இழுத்து மேல கிராவலக் கொட்டிட்டா வேலை முடிஞ்சிச்சுன்னு சொன்னது நாந்தான். வசூலான காசுல முக்கால்வாசி அதுலயே போச்சு. ஐப்பசியில ரெண்டே மழை, பாதை வாய்க்காலாயிடுச்சு. சரிவுல கெடந்த கிராவல் பூராம் அடிச்சிக்கிட்டுப் போயி கீழ குமிஞ்சு கெடக்கு, பொட்டல்ல கணுக்கால் வரைக்கும் சேறு. பழனிக்கு நடக்குறவுக தைப்பூசத்துக்கு முன்னாடி நடந்து பழக ஒதவும்னுதான் ஆரம்பிச்சோம், வெறுங்காலோட வந்த ஒரு அண்ணே அந்த சரளையில நாலு எட்டு வச்சிட்டு "இதுக்கு தார் ரோடே தேவலப்பா"ன்னு திரும்பிட்டாரு.

அதுக்கப்பறம்தான் நடைபாதை போடச் சொல்லிக் குடுக்க கொடைக்கானல் பக்கத்துலருந்து ரெண்டு பேரு வந்தாக. பஸ் காசும் சாப்பாடும் போதும்னுட்டாக. மண்ணுல ஈரம் காயுறதுக்குள்ள பயிற்சி வைக்கணும், காஞ்சுட்டா இந்தச் செம்மண்ணு பிடிக்காதுன்னு தை கடைசியிலயே நாள் குறிச்சாக. நாங்க பதினஞ்சு பேரு, பேரூராட்சி தூய்மைப் பணியாளர்கள் நாலு பேரு, நூறு நாள் வேலைக்குப் போற அக்காமாரு ஆறு பேரு. "காலார நடக்குறதுக்குப் பாதை போடப் போயி ஒரு ட்ரெயினிங்கா"ன்னு வீட்டுல கேட்ட சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

மொத நாள் மண்வெட்டியத் தொடவே விடல. ஒரு குடம் தண்ணியக் குடுத்து, நான் போட்ட பாதையோட தலமாட்டுல ஊத்தச் சொன்னாக. ஊத்துனேன். தண்ணி ஓரத்துக்கே போகல, நடுவுலயே நூல் பிடிச்ச மாதிரி எறங்குது, வர்ற வழியில சின்னச் சின்ன கல்லா உருட்டிக்கிட்டு வந்து என் செருப்புக்கடியில நின்னுச்சு. எனக்கு எங்க போயி மூஞ்சிய வச்சிக்கிறதுன்னு தெரியல. பாதைய வெளிப்பக்கமா லேசாச் சாய்க்கணுமாம், ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர், அப்ப தண்ணி பாதையோட ஓடாது, குறுக்க கடந்து போயிரும். நடுநடுவுல பாதை ஒரு எறக்கம் எறங்கி ஒரு ஏத்தம் ஏறணும், அந்தப் பள்ளத்துல தண்ணி வெளிய போயிரும். ஏறுற எடத்துல, நெலம் எவ்வளவு சரிவோ அதுல பாதிக்கு மேல பாதை சரிவா இருக்கக்கூடாது.

இதெல்லாம் அவுக பாதி இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல நாங்க முழிச்சோம். அப்பதான் நம்ம கண்மாய் நீர்பாய்ச்சி ஐயா, வேடிக்கை பாக்க வந்தவரு, குச்சிய எடுத்து மண்ணுல ஒரு கோடு போட்டு, "ஒண்ணாச் சேந்து ஓடுனா மண்ணத் தூக்கும், விரிஞ்சு போனா விட்டுட்டுப் போயிரும், அம்புட்டுதான்டா"ன்னாரு. வந்தவுக ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. மடை தொறந்து மடை அடைச்சே அம்பது வருஷம் ஓட்டுன மனுஷன், மறுநாள்லருந்து அவரும் வாத்தியாரு ஆயிட்டாரு. ஐயா, உங்களுக்கு எப்புடி நன்றி சொல்றதுன்னு தெரியல, போன வருஷமே உங்களக் கேட்டிருக்கணும், கேக்கல.

சரிவு அளக்குற கருவி ஒண்ணுதான் இருந்துச்சு, இன்னொரு குரூப்புக்கு இல்ல. நம்ம கொத்தனார் அண்ணே, தண்ணி நெறச்சு மட்டம் பாக்குற டியூபக் கொண்டாந்துட்டாரு. பத்து மீட்டர் தள்ளி ரெண்டு பேரு பிடிச்சு, ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தா நூத்துக்குப் பத்து, அதுக்கு மேல வந்தா பாதைய வளைச்சு எடுன்னு அர்த்தம். ரெண்டு தடவ அளந்து பாத்தாக, அந்தக் கருவிக்கும் டியூபுக்கும் ஒரே கணக்கு.

மலைதான் கஷ்டம்னு நெனச்சிருந்தேன், கெடையாது, நம்ம பொட்டல்தான் கஷ்டம், தண்ணிக்குப் போக்கே இல்ல. அங்க ரெண்டு பக்கமும் மண்ண எடுத்து நடுவுல போட்டு ஒசத்தி, திமிசுக்கட்டையால அடிச்சு எறுக்கணும். அத எங்களுக்கு அக்காமாருதான் சொல்லிக் குடுத்தாக. நான் ஒரு சட்டி மண்ணு சுமக்குறதுக்குள்ள அவுக மூணு சட்டி போட்டு முடிச்சிட்டு "தம்பி, குனியாத, உக்காந்து தூக்கு"ன்னாக. கேட்டிருந்தா முதுகு தப்பிச்சிருக்கும்.

சீமைக் கருவேலத்த வெட்டுனா தழைஞ்சிரும்னு வேரோட பறிச்சு, முள்ளு ஒண்ணு விடாம பொறுக்குன தூய்மைப் பணியாளர் அண்ணேமாருக்கும் நன்றி, இனி இந்தப் பாதையப் பாக்கப் போறதும் அவுகதான். மழை நின்ன மறுநாளே மண்வெட்டியோட நடந்து, எங்க தண்ணி நிக்குதோ அங்க குச்சி நட்டுட்டு வரணும். நடந்து நடந்து நடுவுல பள்ளமாகி ஓரத்துல வரப்பு மாதிரி மண்ணு ஏறும், அத வருஷம் ஒருக்கா சீவி விடணும். அவுகளுக்கு அதுக்குன்னு மாசத்துல ரெண்டு நாள் ஒதுக்கித் தரணும்னு கேட்டிருக்கோம், பாப்போம்.

வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில பொண்ணு எடுத்த நம்ம அண்ணனுக்கு ஒரு தனி நன்றி. பறவைக்காக தீவாளிக்கு வெடியே போடாத ஊரு அது. கண்மாய்க்குள்ள கருவ மரத்துல நாரை அடையுற பக்கம் பாதை போகக்கூடாதுன்னு சண்டை போட்டு நாப்பது எட்டு தள்ளி வளைக்க வச்சாரு. அன்னைக்குத் திட்டுனேன், மன்னிச்சிருங்கண்ணே.

நாலு நாளும் வீட்டு வளவை, அதான் முற்றத்தச் சுத்துன எடத்த, தொறந்து விட்டு வெள்ளைப் பணியாரமும் மிளகாத் துவையலும் போட்ட ஆச்சிக்கு என்ன சொல்ல. கொடைக்கானல்காரவுக சாப்புடுறத விட்டுட்டு முற்றத்தயே பாத்துக்கிட்டு, நாலு பக்கக் கூரைத் தண்ணியும் எங்க போகுதுன்னு கேட்டாக, ஆச்சி "ஊருணிக்கு, வேற எங்க போகும், இன்னும் ரெண்டு வச்சிக்கங்க"ன்னாக.

அமெரிக்காவுல அப்பலாச்சியன் பாதைன்னு 3,500 கிலோமீட்டர் இருக்காம், 1937ல முடிச்சதாம், இன்னைக்கும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறாகளாம். நம்மளுது ரெண்டு கிலோமீட்டர், அதுலயும் முந்நூறு மீட்டர் பாக்கி, அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஊருணிக்கரையில கூடுறோம்.

அப்பறம் பிடியில பச்சைக் கயிறு சுத்துன மண்வெட்டி ஒண்ணு என் வீட்டுலயே கெடக்கு, யாரோடதுன்னு தெரியல, வந்து எடுத்துக்கங்க.